காற்றாடி இல்லாத விமானம்

மன்மத வருஷம், புரட்டாசி 14, வெள்ளி

மூன்றாம் வகுப்புவரை படித்த கை. தப்பு இருக்கும், இருக்கட்டும்.

இது எஞ்சின் குறிப்புப் புத்தகம். எத்தனை மணி ஓடியது, எவ்வளவு எண்ணெய் குடித்தது என்று எழுதக் கட்டம் போட்டது. ஸ்டோரில் கட்டுக்கட்டாகக் கிடந்தவற்றை இன்று வெளியே எறிந்தார்கள். அந்த எஞ்சின்களே போகப் போகின்றன, குறிப்பு எதற்கு என்கிறார்கள். ஒன்றை முந்தானையில் சுருட்டி எடுத்து வந்தேன்.

எழுத்தில் இல்லாததை நடக்கவே இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு விசாரணையில் நான் அரை நாள் பேசினேன். எழுத வேண்டியவன் பேனா மூடியைக் கழற்றவே இல்லை.

இன்று எங்கள் சூரக்கரை விமானப் பட்டறைக்கு ஜெட் வந்தது. முன்னால் காற்றாடி இல்லை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை. வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற ஆள் மாதிரி நிற்கிறது.

போர்மன் அப்பாவு எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னான்: "அது ஓடறப்ப ஆரும் முன்னால போயிராதீங்க. ஆளையே உறிஞ்சி எடுத்துக்கும். சும்மா நிக்கறப்பவும் அந்த வாய்க்குள்ள ஒரு துரும்பு போவக்கூடாது."

"அப்படிங்களா? நீங்க ஒருக்கா முன்னால நின்னு காட்டுங்க, நாங்க பாத்துக் கத்துக்கறோம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவனால் சிரிக்க முடியாது.

புரட்டாசி 15, சனி

பெருமாள் விரதம். பேத்திக்குத் துளசித் தண்ணீர் கொடுத்தேன். "அம்மிச்சி கையி நாறுது" என்று தட்டிவிட்டாள்.

புரட்டாசி 20, வியாழன்

என் கை நாறுகிறதுதான். சண்டைக் காலத்தில் நாற்பது பெண்களை எடுத்தார்கள், ஒரு தொட்டிக்கு நாலு பேர். தொட்டி நிறைய மண்ணெண்ணெய். ஓர் எஞ்சினைப் பிரித்தால் பதினெட்டு சிலிண்டர். முன்வரிசையில் ஒன்பது, பின்வரிசையில் ஒன்பது, பூவிதழ் மாதிரி சுற்றி நிற்கும். இரண்டாயிரத்து ஐந்நூறு குதிரை சேர்ந்து இழுக்கும் வலு என்பார்கள். அத்தனையையும் கழற்றி, கரி சுரண்டி, கழுவி, துணியால் ஒற்றி அடுக்குவோம். விரல் வெடித்து ரத்தம் வந்தால் அதிலேயே முக்கிக்கொள்வோம். நாற்பதில் இன்றைக்கு மிச்சம் நான் ஒருத்தி.

என் மாப்பிள்ளை ஆறுச்சாமி பெங்களூரில் நான்கு மாதம் ஜெட் படித்துவிட்டு வந்தவர். ஓட்டிப் பார்க்குமுன் சோதித்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பு பட்டறையில் அவர் ஒருவருக்குத்தான். சாப்பிடும்போது கேட்டேன்.

"ஏனுங் மாப்ளே, அதுக்குள்ள எத்தனை சிலிண்டரு?"

"ஒண்ணுங்கூட இல்லீங் அத்தை. ஒரு சக்கரம். அது சுத்திக் காத்தை உறிஞ்சும், நெருப்பைப் பின்னால தள்ளும். அவ்வளவுதான்."

"பிஸ்டனு?"

"இல்லீங்."

"அப்ப நானு எதைக் கழுவறது?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். என் மகள் மயிலாத்தாள்தான், "உன்னைய ஷெட்டு கூட்டறதுக்கு மாத்தீருவாங்கம்மா" என்றாள். ஆறு மாதக் கர்ப்பம், மூச்சு வாங்கப் பேசுகிறாள்.

"என்னத்தைக் குடிக்குதாம் அது? பெட்ரோலா?"

"மண்ணெண்ணெய்தானுங் அத்தை. கொஞ்சம் சுத்தம் பண்ணுனது."

பன்னிரண்டு வருஷமாக அழுக்கைக் கழுவிச் சாக்கடையில் நான் ஊற்றிய மண்ணெண்ணெய்! அதைக் குடித்துவிட்டுத்தான் அந்தப் பீற்றலா!

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். தாரண வருஷம், ஆனி 22, புதன்கிழமை, காலை ஒன்பது மணி.

அந்தப் பழைய எஞ்சின் ஒரு நாள் சும்மா நின்றாலும் எண்ணெய் இறங்கிக் கீழ்ச் சிலிண்டரில் தேங்கிவிடும். அப்படியே கிளப்பினால் உள்ளே தண்டு வளைந்து போகும். அதனால் முதலில் கையாலேயே காற்றாடியைப் பிடித்துச் சுற்றி எண்ணெயைத் தள்ளவேண்டும். அந்த நேரத்தில் மேலே உட்கார்ந்திருப்பவன் ஸ்விட்ச்சை அணைத்து ஆப்பில் வைத்திருக்க வேண்டும். சுற்றுகிறவன் "ஆப்பா?" என்று கேட்பான். மேலே இருப்பவன் பார்த்துவிட்டு "ஆப்" என்பான்.

மேலே இருந்தவன் அப்பாவு. சுற்றியவர் என் வீட்டுக்காரர். பெயரை வாயால் சொல்லமாட்டேன், எழுதலாம்: நாச்சிமுத்து. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே தூக்குப்போசியில் சாப்பிட்டவர்கள்.

அவர் கேட்டார். அவன் "ஆப்" என்றான். நான் தொட்டியருகில் இருந்தேன், என் காதால் கேட்டேன். நாலாவது சுற்றில் எஞ்சின் பற்றிக்கொண்டது. காற்றாடி அடித்து அவர் அங்கேயே போய்விட்டார்.

விசாரணையில் அவன், "ஸ்விட்ச் ஆப்லதான் இருந்துச்சுங்க. அவரு கையெடுக்கறதுக்குள்ள எஞ்சின் சூட்டுல தானாப் பத்தீருச்சு" என்றான். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து குளிர்ந்து கிடந்த எஞ்சின். அதற்கு ஏது சூடு? அதைத்தான் நான் அரை நாள் சொன்னேன். 'ஆளின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். அவன் போர்மன் ஆனான்.

புரட்டாசி 27, வியாழன்

பழைய எஞ்சின்களை உடைக்கிறார்கள். மிச்சம் இருந்தது பன்னிரண்டு. அலுமினியத்துக்காகச் சம்மட்டியால் அடித்து மூட்டை கட்டுகிறார்கள்.

முதல் அடி அடிக்க ஒருவரும் முன்வரவில்லை. ஒருவன், "நானே பூட்டுனது, எப்படிங்க அடிக்கறது?" என்றான். "பூட்டுனவன் அடிச்சாத்தான் எங்க உடையும்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு அப்பாவு சம்மட்டியை வாங்கினான். மூன்று அடியில் மேல் சிலிண்டர் பிளந்தது. உள்ளே நான் போன மாதம் கழுவி ஒற்றிய பிஸ்டன், பளபளவென்று.

அவன் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வேர்வையாகத்தான் இருக்கும்.

ஐப்பசி 2, செவ்வாய்

ஷெட்டு கூட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஜெட்டின் கீழே கூட்டினால் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. என்ன எஞ்சின் இது, வேர்க்கவே வேர்க்காதா?

ஐப்பசி 7, ஞாயிறு

நாளை ஆயுத பூஜை. பெட்டியிலிருந்து அவர் ஸ்பேனரை எடுத்துத் துடைத்தேன். கம்பெனி நம்பர் அடிக்காத ஸ்பேனர், சண்டைக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் கொடுத்துப் போனது. பிடியில் அரத்தால் இரண்டு வெட்டுப் போட்டிருப்பார். ஒவ்வொரு பூஜைக்கும் அதைக் காற்றாடியின் அடிமூட்டில் வைத்துப் பொட்டு வைப்பேன். மறுநாள் மறுபூஜை ஆனபின்தான் எடுப்பேன். நடுவில் ஆயுதத்தை யாரும் தொடக்கூடாது. பதினோரு வருஷத்தில் ஒரு பூஜை தப்பியதில்லை.

ஐப்பசி 8, திங்கள். ஆயுத பூஜை

குடும்பம் குடும்பமாக எல்லோரும் ஜெட் பார்க்க வந்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி, கடலை, சுண்டல். மாலையை எங்கே போடுவதென்று பெரிய வழக்கு.

"வாலுக்குப் போடுங்கப்பா."

"வாலுக்கு மாலை போட்டா அனுமாரு கோவிச்சுக்குவாரு."

"சக்கரத்துக்குப் போடலாம்."

"சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. மூஞ்சி மொட்டையா நிக்குது பாரு."

அப்பாவு, "ஏணிக்குப் பொட்டு வெச்சுக் கும்புட்டுட்டுப் போங்க, ஜெட்டு மேல ஒண்ணும் வெக்க வேண்டாம்" என்றான். யார் கேட்டார்கள்? வாயின் மேல்விளிம்பில் ஒரு சாமந்தி மாலையைத் தொங்கவிட்டார்கள். மேனேஜரே பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்.

எனக்குத்தான் இடம் இல்லை. ஏணி யாருக்கு வேண்டும்? ஆயுதம் எஞ்சினில் படவேண்டும். எல்லோரும் சுண்டலுக்குப் போனபின் பார்த்தேன். வாய்க்குள் கை தோள்வரை போனது. உள்ளே ஒரு விளிம்பு இருந்தது. யார் காலும் படாது, யார் கையும் படாது. பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அப்பாவு சொன்னதைக் கேட்டு நான் எப்போது நடந்தேன்? நாளை எட்டு மணிக்கு மறுபூஜை. எடுத்துவிடுவேன்.

ஐப்பசி 9, செவ்வாய்

இன்று எழுதக் கை வரவில்லை.

ஐப்பசி 10, புதன்

நேற்று எட்டு மணிக்கு வருவதாக இருந்த மேலிடத்து அதிகாரிகள் ஆறரைக்கே வந்துவிட்டார்கள். ஜெட்டை ஓட்டிக் காட்டு என்றார்கள். மறுபூஜை ஆகவில்லை என்று யாரோ சொன்னதற்கு, "சாமி காத்திருக்கும், டெல்லி காத்திருக்காது" என்றாராம் மேனேஜர்.

நான் ஏழேகாலுக்கு விளக்குமாற்றோடு வாசலில் நுழைகிறேன், அது ஊளையிடுகிறது. பழைய எஞ்சின் காலையில் கிழவன் மாதிரி இருமும், புகை கக்கும், அப்புறம்தான் ஓடும். இது அப்படி இல்லை. மெல்லிசாக ஆரம்பித்து, காதுக்குள் ஊசி இறக்குகிற மாதிரி ஏறிக்கொண்டே போனது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினேன். "நிறுத்துங்க" என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும் அந்தச் சத்தத்தில்?

வெடித்தது. பின்னாலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு நெருப்பு. வயிற்றுத் தகட்டைக் கிழித்துக்கொண்டு துண்டுதுண்டாக ஏதோ பறந்து சுவரில் பதிந்தது. ஆள் சேதம் இல்லை, மாரியம்மா காப்பாற்றினாள். ஆறுச்சாமி மேலேயிருந்து இறங்கிவந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். காதில் ரத்தம்.

ஓட்டுமுன் வாயைச் சோதித்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவசரத்தில் மாலையை எடுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்க்காமல் போட்டிருக்கிறார். அப்பாவு பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினான் என்று கேள்வி. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஸ்பேனர் எங்கே என்று எழுத வேண்டியதில்லை.

ஐப்பசி 13, சனி

சதி என்கிறார்கள். சங்கத்தில் பேசுகிற ஆள் ஆறுச்சாமி. ஜெட் வந்தால் பாதிப் பேருக்கு வேலை போகும் என்று மேடையில் பேசியவர். அதனால் வேண்டுமென்றே இரும்பைப் போட்டார் என்று சொல்கிறார்கள். வேலைக்கு வரவேண்டாம் என்று கடிதம் வந்துவிட்டது. போலீஸ் இரண்டு தடவை வந்து போனது. இது பட்டாளத்துச் சொத்து, நாலு வருஷமாவது உள்ளே போட்டுவிடுவார்கள் என்று சங்கத்து வக்கீல் சொன்னாராம்.

அவர் சாப்பிடுவதில்லை. இடது காது கேட்கவில்லை. நாம் பேசினால் வாயைப் பார்க்கிறார்.

மயிலா என் பெட்டியைத் திறந்து அடிவரை துழாவிப் பார்த்தாள். மூடினாள். அவளுக்கு அதில் என்ன வேலை?

ஐப்பசி 16, செவ்வாய்

சொல்லிவிடலாம் என்று வெள்ளைச் சீலையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தான். கொஞ்ச நேரம் நின்றேன். மழை வருகிற மாதிரி இருந்தது, திரும்பிவிட்டேன். நாளை போவேன்.

ஐப்பசி 17, புதன்

மழை.

ஐப்பசி 18, வியாழன்

விசாரணை. வெளியூர் அதிகாரி, கண்ணாடி போட்டவர், தமிழ் கொஞ்சம் தெரிகிறது. ஷெட்டில் வேலை செய்கிற எல்லோரையும் சுவரோரம் நிறுத்தினார்கள். மேஜைமேல் வெள்ளைத் துணி. துணிமேல் அந்த ஸ்பேனர். வாய்ப்பக்கம் பிய்ந்து, முறுக்கி, நசுங்கி இருந்தது. பிடி அப்படியே இருந்தது. இரண்டு வெட்டும் அப்படியே.

பக்கத்தில் இன்னொருவன் பேனாவோடு. இவன் மூடியைக் கழற்றி வைத்திருந்தான்.

ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கவேண்டும். "இது யாருடையது?" என்று கேட்பார். "தெரியாதுங்க." அடுத்த ஆள். "தெரியாதுங்க." எனக்கு முன்னால் நாலு பேர். அந்த நாலாவது ஆள் அப்பாவு.

அவன் குனிந்து பார்த்தான். கையில் எடுத்தான். பெருவிரலால் அந்த இரண்டு வெட்டையும் தடவினான். பதினோரு வருஷம் ஆனாலும் அவனுக்கு மறக்குமா? அவன் ஸ்பேனரில் ஒரு வெட்டு, அவருடையதில் இரண்டு. மாறிப்போகக்கூடாது என்று ஒரே அரத்தில் இருவரும் உட்கார்ந்து போட்டது. அந்த அரத்தைப் பிடித்துக் கொடுத்ததே நான்தான்.

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். சரி, சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்று நிமிர்ந்து நின்றேன்.

"இது என்னுதுங்க" என்றான்.

அதிகாரி, "என்ன?" என்றார்.

"என்னோட ஸ்பேனருங்க. பூசைக்கு உள்ள வெச்சேன். காலைல எடுக்க மறந்துட்டேன். ஆறுச்சாமிக்குத் தெரியாதுங்க. அந்தப் பையனப் போட்டு நான்தான் அவசரப்படுத்துனேன்."

"நீங்கள்தானே துரும்புகூடப் போகக்கூடாது என்று எல்லோரிடமும் சொன்னவர்?"

"ஆமாங்க. சொன்னவனே மறந்துட்டேன்."

பேனாக்காரன் எழுதினான். அதிகாரி கையைக் காட்ட, எங்களை எல்லாம் போகச் சொல்லிவிட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஐப்பசி 20, சனி

ஆறுச்சாமியை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். டார்ச் அடித்துப் பார்க்காததற்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். அப்பாவுவின் வேலை போயிற்று. மறதியால் வந்தது, சதி இல்லை என்று முடிவானதால் சிறை இல்லை. பத்து நாளில் கம்பெனி வீட்டைக் காலி செய்யவேண்டும்.

ஆறுச்சாமி, "அப்பாவு அண்ணன் தங்கமான மனுசனுங் அத்தை. வேற ஒருத்தனா இருந்தா வாயத் தொறந்திருப்பானா?" என்றார். மயிலா தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொல்லைக்குப் போய்விட்டேன்.

ஐப்பசி 21, ஞாயிறு

அப்பாவு வந்தான். மகளும் மாப்பிள்ளையும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் வந்திருப்பான். வேலிக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"உள்ள வரச் சொல்லமாட்டீங்க. தெரியுமுங் அக்கா."

"தெரிஞ்சும் எதுக்கு வந்தீங்க?"

வேலி முள்ளைக் கிள்ளினான்.

"அன்னிக்கு ஸ்விட்ச் ஆன்லதானுங்க இருந்துச்சு. நானு பாக்கல. நெதமும் ஆப்லதான் இருக்கும், அந்த நெனப்புல 'ஆப்'னு சொல்லிட்டேன். அவரு விழுந்தப்பறம் பாத்தேன், ஆன்ல இருந்துச்சு. கையால நானே ஆப் பண்ணீட்டு எறங்குனேன்."

எனக்குத் தெரிந்ததுதான். பதினோரு வருஷமாக ஒவ்வொரு நாளும் தெரிந்ததுதான். ஆனாலும் அவன் வாயிலிருந்து அதுவரை கேட்டதில்லை. வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டேன்.

"இதைப் போயி அந்தக் கண்ணாடிக்காரங்கிட்டச் சொல்லுங்க. எழுதிக்கட்டும்."

"சொல்லலாமுங்க. பளைய கதை இப்ப எதுக்குன்னு கேப்பாரு. கேட்டா அந்த ஸ்பேனரு ஆருதுன்னு வரும்."

"வரட்டும்."

"வந்தா ஆறுச்சாமி மறுக்காவும் உள்ள மாட்டுவானுங்க. மாமியாளும் மருமகனும் கூடிப் பண்ணுனதும்பாங்க. மயிலா வவுத்துப்புள்ளக்காரி."

"அப்ப நானு வாய மூடிக்கோணும்."

"ஆமாங் அக்கா."

"அதைச் சொல்லீட்டுப் போலாம்னு வந்தீங்களா?"

"இல்லீங்க. அவரு ஸ்பேனரை இத்தனை வருசம் வெச்சிருந்தீங்களே. அதைப் பாத்துட்டுச் சும்மா போவ முடியலீங்க."

"போங்க" என்றேன். போனான். முன்னைவிடக் கூன் விழுந்திருக்கிறது.

நான் அவனைக் கேட்டேனா, என்னைக் காப்பாற்று என்று? செய்த தப்புக்குப் போர்மன் ஆனான். செய்யாத தப்புக்கு வேலையை விட்டுப் போகிறான். இனி அவன் நல்லவன், ஊரே சொல்லும். அவன்மேல் எனக்கு இருந்த கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? அவன் முந்திக்கொள்ளாவிட்டால் மறுநாள் வெள்ளிக்கிழமை நானே சொல்லியிருப்பேன். சீலைகூடத் துவைத்து வைத்திருந்தேன்.

ஐப்பசி 28, ஞாயிறு. தீபாவளி

பட்டாசுச் சத்தத்துக்கு ஆறுச்சாமி திரும்பிப் பார்ப்பதில்லை. பேத்தி அவர் முகத்தைக் கையால் பிடித்துத் திருப்புகிறாள்.

கார்த்திகை 5, ஞாயிறு

ஐப்பசி கடைசியிலேயே அப்பாவு வீட்டைக் காலி செய்து சிங்காநல்லூருக்குப் போய்விட்டான். பம்புசெட்டுப் பட்டறையில் தினக்கூலியாம். வயது ஐம்பத்திநாலு.

இன்று அவன் பெண்சாதி செல்லாத்தாள் வந்தாள். விட்டுப்போன அம்மிக் குழவியை எடுக்க வந்தவள் என் வாசலுக்கும் வந்தாள். நான் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கோணுமுங்க. அந்த ஷெட்டு கூட்டறது நீங்கதானே?"

"ஆமா."

"அந்த மனுசன் இத்தனை வருசத்துல ஒரு சாமானை மறந்து வெச்சதில்லீங்க. வெத்தலப் பெட்டிகூட வெச்ச எடத்துல இல்லீன்னா என்னையக் கொன்னு போடுவாரு. அவரு ஸ்பேனரு ஊட்டுலதான் இருக்குது. நானே பாத்தேன். ஒரு வெட்டுப் போட்டது. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு."

நான் புடைத்துக்கொண்டே இருந்தேன்.

"ஆரோ வெச்சதைத் தலையில போட்டுக்கிட்டாருங்க. பூசையன்னிக்கு ஆராச்சும் உள்ள கைய விட்டதைப் பாத்தீங்களா?"

"நானு ஒண்ணும் பாக்கல."

"மாரியம்மா சத்தியமா?"

பேத்தி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "இதா வர்றேன் கண்ணு" என்று எழுந்தேன்.

"சத்தியம் பண்ணீட்டுப் போங்க" என்றாள்.

"பாக்கல. சத்தியமா."

அவள் அழவில்லை, திட்டவில்லை. நின்ற இடத்தில் நின்று பார்த்தாள். என் சீலைக் கிழிசல், முறம், சிந்திய கேழ்வரகு, கயிற்றில் காய்ந்த ஆறுச்சாமியின் கம்பெனிச் சட்டை, உள்ளேயிருந்து வந்த பேத்தியின் குரல், ஒவ்வொன்றையும் அவசரமில்லாமல் பார்த்து எடுத்துக்கொண்டாள். குழவியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும், பதினோரு வருஷம் நான் அப்பாவுவைப் பார்த்த பார்வை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேவையும் இல்லை. மன்மத வருஷம், கார்த்திகை 5, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. சாகும்வரை அவளுக்கு இது மறக்காது.